சின்னத்தண்ணி கீழே இருந்த எட்டு நாள்

அன்றைக்கு மேலே போனவர்கள் ஏழு பேர். லோகநாதன், அவன் மனைவி கோகிலவாணி, அவர்கள் மகள் பூவிழி, லோகநாதனின் அக்கா செல்வநாயகி, செல்வநாயகியின் வீட்டுக்காரர், ஜீப் ஓட்டுகிற அந்தோணி, அப்புறம் நான். பூவிழிக்கு இரண்டு வயது மூன்று மாதம் ஆகியிருந்தது. செல்வநாயகியின் வீட்டுக்காரர் போகும்போதும் தூங்கி வழிந்தார், வரும்போதும் தூங்கி வழிந்தார். ஆனாலும் அவரை ஒரு ஆளாகத்தான் எண்ண வேண்டும். சாவடிப் புத்தகத்தில் தூங்குகிறவருக்கு என்று தனிக் கட்டம் கிடையாது.

மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சோதனைச் சாவடியில் நான் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். ஓடையில் குளிக்க மலையேறுகிறவர்களைப் போகும்போது எண்ணி எழுத வேண்டும், வரும்போது எண்ணி எழுத வேண்டும், இரண்டும் ஒத்துப் போனால்தான் சாயங்காலம் பக்கத்தை மூடிக் கையெழுத்துப் போடலாம். ஒரு தலை குறைந்தாலும் பக்கம் திறந்தே கிடக்கும், தேட ஆள் போகும். மேலே பதியில், அதாவது மலைவாசிகளின் ஊரில், குடியிருக்கிற இருபத்தேழு வீட்டுக்காரர்களை மட்டும் எண்ணுவதில்லை. வீட்டுக்குப் போகிறவரை எண்ணக் கூடாது என்பது சாவடி வழக்கம். ஐந்தாவது வரை படித்த எனக்கு இந்த வேலை போதுமானதாக இருந்தது. மூன்று லட்சத்துப் பதினாறாயிரத்து நானூற்று ஐந்து பேரை மேலே அனுப்பி, அத்தனை பேரையும் கீழே வாங்கியிருக்கிறேன். வாசலை விட்டு நகரக் கூடாது என்பதால் நான் ஒரு தடவைகூட ஓடையைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு போயிருக்கலாம். தனி ஆளாகப் போய் அங்கே எந்தப் பக்கம் நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று நினைத்து நினைத்தே இரண்டு வருஷம் போய்விட்டது.

பக்கத்து வீட்டுக் கோகிலவாணிதான் கூப்பிட்டாள். "ஏனுங் பெரியப்பா, ஜீப்புல ஒரு எடம் சும்மாதான் இருக்குது. வந்து ஏறுங்க. ஊரையெல்லாம் அனுப்பி வெச்சுட்டு நீங்க மட்டும் பார்க்காம இருந்தா நல்லாவா இருக்குது?"

அவள் இடுப்பில் பூவிழி இருந்தாள். எப்போதும் அங்கேதான் இருப்பாள். அந்தக் குழந்தை அதுவரை ஒரு அடிகூட நடந்ததில்லை. மூன்று டாக்டர் பார்த்தாயிற்று, எலும்பில் குறையில்லை, நரம்பில் குறையில்லை, நடக்கிறபோது நடப்பாள் என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். எங்கள் தண்ணித்தொட்டி வீதியில் முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு வீட்டிலும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், கோகிலவாணி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். ராத்திரியில் அவள் இடது தோளுக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடுப்பதாக லோகநாதன் சொல்லியிருக்கிறான். பிள்ளை கனம் ஏறிக்கொண்டே போனது.

சாவடியிலிருந்து ஓடைக்கு என் காலில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி. அந்த வழி முழுக்கப் பூவிழி அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே விரலை நீட்டி "தோ" என்றாள். ஈசல் இறக்கையைத் தூக்கிப் போன எறும்புக்கு ஒரு தோ, மரத்தில் காது மாதிரி முளைத்திருந்த காளானுக்கு ஒரு தோ, கருங்குரங்கின் தொங்கிய வாலுக்கு ஒரு தோ, தன் மாமாவின் கொட்டாவிக்கு ஒரு தோ. ஒவ்வொரு தோவுக்கும் கோகிலவாணி நின்றாள், அவள் நின்றதால் நாங்களும் நின்றோம். மொத்தம் எழுபத்தாறு தடவை நின்றோம். அதற்கு முன் அறுபத்திரண்டு வயது வரை நான் அத்தனை சாமான்களை ஒரே நாளில் பார்த்ததில்லை.

ஓடை ஒரு கட்டில் அகலம், கணுக்கால் ஆழம். பதிக்காரர்கள் அதைச் சின்னத்தண்ணி என்பார்கள். கோகிலவாணி குழந்தையைத் தண்ணீரில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். பூவிழி தண்ணீரைத் தட்டினாள், தண்ணீர் அவள் முகத்தில் தெளித்தது, சிரித்தாள், மறுபடி தட்டினாள். இப்படி நாற்பது தட்டு தட்டிய பிறகு அவள் அம்மாவின் கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள். நின்றவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். நான் பழக்கத்தில் வாய்க்குள் ஒண்ணு என்றேன். அடுத்த காலை வைத்தாள். ரெண்டு என்றேன். ஒன்பது வரை போனபோது செல்வநாயகி "அடியே கோகிலா, நடக்குறாடீ!" என்று கத்தினாள், நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், குழந்தையும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

பத்தாவது அடியை அவள் கரையில் வைத்தாள், சின்னத்தண்ணியும் கரையேறியது.

எப்படி என்று என்னைக் கேட்க வேண்டாம், பார்த்ததைத்தான் எழுத முடியும். ஊற்றுக்கண்ணிலிருந்து கடைசிச் சொட்டு வரை அது தன்னைச் சுருக்கிக்கொண்டு, ஒரு சாண் அகலத்தில், கூழாங்கல்லும் மீனும் இரண்டு நண்டும் உள்ளேயே இருக்க, பூவிழியின் குதிகாலை நனைத்தபடி பின்னால் வந்தது. அவள் நின்றால் நின்றது. அவள் எறும்புக்குக் குனிந்தால் அதுவும் எறும்பை நனைக்காமல் ஒதுங்கி நின்றது. மேட்டில் ஏறினாள், ஏறியது. லோகநாதன் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கினான், தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்று சுழன்றது, குழந்தை வீறிட்டு அழுதது. இறக்கிவிட்டான். இரண்டும் மறுபடி நடந்தன.

சாவடியில் இப்போது குமரகுரு என்ற பையன் இருக்கிறான், என் இடத்துக்கு வந்தவன், முப்பது வயதிருக்கும். எங்களை எண்ணிவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டான்.

"ஐயா, ஏழு பேர் போனீங்க. இது எட்டாகுது."

"ஆமா."

"பிளாஸ்டிக் கொண்டு போனா என்ன பண்றதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. செடி புடுங்கிட்டு வந்தா என்ன பண்றதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. ஓடை கூடவே நடந்து வந்தா என்னங்கய்யா பண்றது?"

"நாங்க கொண்டு வர்லப்பா. அதுவா வருது."

"அப்ப ஆள் கணக்குல எழுதட்டுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வேறு கட்டம் இல்லை. "எழுது" என்றேன். போனது ஏழு, வந்தது எட்டு என்று எழுதினான். கணக்கு ஒத்துவராததால் பக்கத்தை மூட முடியவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் திறந்தே கிடந்தது. அது எனக்கு உள்ளங்கையில் முள் மாதிரி இருந்தது.

பூவிழி ஜீப்பில் ஏற மாட்டேன் என்றாள். சாவடியிலிருந்து எங்கள் வீதி ஒரு கிலோமீட்டர். முன்னால் குழந்தை, பின்னால் ஓடை, அதற்குப் பின்னால் நாங்கள், எல்லாருக்கும் பின்னால் அந்தோணி ஜீப்பை முதல் கியரில் உருட்டிக்கொண்டு வர, மூன்று மணி நேரத்தில் வீதிக்கு வந்து சேர்ந்தோம். டீக்கடை ராமசாமி எட்டிப் பார்த்து, "பாப்பா நடக்குதா!" என்றார். அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடைக்கு முன்னால் ஒரு பலகையை எடுத்துப் போட்டார், வருகிறவர்கள் தாண்டிப் போக வசதியாக.

எங்கள் வீதியில் குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தடவை வரும். அப்படிப்பட்ட வீதியில் ஒரு ஓடை வந்து, பகலில் குழந்தை பின்னால் சுற்றி, குழந்தை தூங்கும்போது தொட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்து, காலையில் படி இறங்கி வெளியே வந்தது. முதல் நாள் பெண்களுக்குள் பேச்சு நடந்தது. துணி துவைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். "குழந்தைக்குத் துணையா வந்ததுல போயா சோப்புப் போடுவ?" என்று செல்வநாயகி அடக்கினாள். அரிசி களையலாம், பல் விளக்கக் கூடாது, செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்று முடிவானது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எட்டு நாளும் ஒருவரும் மீறவில்லை. ஓடை வீதியைக் கடக்கும்போது ஆட்டோக்காரர்கள் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். குழந்தை நடுவீதியில் நத்தையைக் கண்டுவிட்டால் நாற்பது நிமிஷம் ஆகும், அந்த நாற்பது நிமிஷமும் இந்தப் பக்கம் நாலு ஆட்டோ, அந்தப் பக்கம் ஒரு பால் வண்டி, நடுவில் நத்தை. பால்காரர் இறங்கி வந்து குந்தி உட்கார்ந்து, "அட, இதுக்கு நாலு கொம்புங்களா!" என்றார்.

நான் தினமும் அவர்கள் பின்னால் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. குழந்தை, அம்மா, ஓடை, நான். நிலக்கடலைக் காட்டுக்குப் போனோம், தென்னந்தோப்புக்குப் போனோம், செங்கல் சூளைக்குப் பின்னால் மழைநீர் நிற்கிற பள்ளத்துக்குப் போனோம். பள்ளத்துத் தண்ணீரும் சின்னத்தண்ணியும் ஒன்றையொன்று தொட்டுப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டன. பூவிழி எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு கல்லையும் கோகிலவாணி முந்தானையில் முடிந்துகொண்டாள், முடிச்சு கனத்து இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பிள்ளையைச் சுமந்த இடுப்புதானே, கல்லுக்கா வலிக்கும் என்று சிரித்தாள். நான் வாய்க்குள் அடி எண்ணிக்கொண்டே போவேன். இருமல் வந்து எண்ணுவது நின்றால் குழந்தையும் நின்று திரும்பிப் பார்க்கும். அதைக் கோகிலவாணி கவனித்தாள், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஆனால் தண்ணீர் காலில் படாவிட்டால் பூவிழி நடக்கவில்லை. செல்வநாயகி ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் இறக்கிவிட்டுப் பார்த்தாள். வெறும் தரையில் பாதம் பட்டதும் குழந்தை அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோகிலவாணி போய்த் தூக்கி வந்து ஓடைக்குப் பக்கத்தில் விட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, பூவிழி தொட்டிலில் தூங்கும்போது, பதியிலிருந்து மருதி வந்தாள். ஐம்பது வயது இருக்கும், இடுப்பில் வெறுங்குடம். இருபத்திரண்டு வருஷமாக என் சாவடியைக் கடந்து போனவள், நான் எண்ணாதவள்.

"என்ன சாவடிக்காரரே, இன்னைக்காவது என்னை எண்ணுவீங்களா?"

"வீட்டுக்குப் போறவங்கள எண்ணக் கூடாதே" என்றேன்.

"வீட்டுல தண்ணி இல்ல. அப்புறம் அது என்ன வீடு?" என்றவள், தொட்டிலுக்கு அடியில் குனிந்து, "ஏய், இங்க வந்தா கிடக்குற? சொல்லாம கொள்ளாம வர்றதுக்கு உனக்கு எத்தனை தைரியம்!" என்று அதட்டினாள். ஓடை கொஞ்சம் சுருங்கியது.

கோகிலவாணி அவள் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, எம்புள்ள இதோடதான் நடக்குறா. பத்து நாள் குடுங்க. பழகிக்குவா."

"பத்து நாள் என்ன தாயி, மாசம்கூட வெச்சுக்க. நாங்க பெரிய ஆத்துக்கு நடந்து போய்க் குடத்துல கொண்டாந்துக்குவோம். மூணு மைலு, போவோம். ஆனா தவளைக்கு யாரு குடத்துல கொண்டு வர்றது?"

வீதிதான் பதில் சொன்னது. டீக்கடை ராமசாமி, வீட்டுக்கு இரண்டு குடம் என்று இருபத்தேழு வீட்டுக்கு ஐம்பத்து நான்கு குடம் இங்கிருந்து போகட்டும் என்றார். அந்தோணி டீசல் தன் பொறுப்பு என்றான். புதன்கிழமை குழாயில் தண்ணீர் வந்தபோது முதலில் ஐம்பத்து நான்கு குடம் பதிக்கு நிறைந்தது, பிறகுதான் அவரவர் வீட்டுக்குப் பிடித்தார்கள். குழாய் வராத நாளில் அவரவர் தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்தார்கள். புதன், வியாழன், வெள்ளி, சனி, நான்கு நாளில் இருநூற்றுப் பதினாறு குடம். குமரகுரு ஒவ்வொன்றையும் எண்ணி எழுதினான். குடத்துக்கு மட்டும் புத்தகத்தில் கட்டம் இருந்தது.

சனிக்கிழமை கோகிலவாணி, பிள்ளையை லோகநாதனிடம் விட்டுவிட்டு, குடங்களோடு ஜீப்பில் போனாள். சாவடியில் இறங்கி, பதிக்காரர்களோடு சேர்ந்து குடம் சுமந்து மேலே ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் போகாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, அங்க ஒரு கல்லுக்கடியில மட்டும் ஈரம் இருக்குது. அதுல தவளைங்க ஒண்ணு மேல ஒண்ணு உட்காந்திருக்குது. நான் எண்ணிப் பார்த்தேன், பத்தொம்பது. மீன்கொத்தி ஒண்ணு கிளையில உட்காந்து வெறும் மண்ணையே பார்த்துட்டு இருக்குது, ஓட்டுனாலும் போகல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மருதியக்கா இன்னைக்கு என்னைப் பார்த்துத் திருப்பிக் குடுன்னு சொல்லல. வெச்சுக்கன்னும் சொல்லல. உக்கார வெச்சுச் சாமைச் சோறு போட்டாங்க. நாளைக்குக் கொண்டு போய் விட்டுரலாங்க பெரியப்பா."

"புள்ள?"

"தூக்கிக்கிறேன். இத்தனை நாள் தூக்கலையா." சொல்லும்போதே இடது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அதே ஏழு பேரும் கிளம்பினோம். வீதியே வாசலில் நின்றது. யாரும் அழவில்லை. ஆளுக்கு ஒரு கை மொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒற்றிய தண்ணீரைத் திரும்ப ஓடையிலேயே விட்டார்கள். சாவடியில் குமரகுரு எண்ணிவிட்டு, ஓடையைப் பார்த்து, "எட்டுன்னு எழுதட்டுங்களா?" என்றான்.

"வேண்டாம். அது வீட்டுக்குப் போகுது."

"அப்ப போன வாரப் பக்கத்துல ஒண்ணு கூடுதலா இருக்குதுங்களே?"

"வீட்டைவிட்டு வந்தவங்களையும் எண்ணியிருக்கக் கூடாது. அன்னைக்கு அந்த வழக்கம் எனக்கு ஞாபகம் வர்ல. தப்பு என் மேல. அடிச்சுட்டு ஏழுன்னு எழுதிக்க."

அடித்து எழுதினான், நான் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டேன். எட்டு நாளாகத் திறந்து கிடந்த பக்கம் மூடியது.

மேலே மருதியும் பதிக்காரர்களும் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். பூவிழி காய்ந்த ஓடைப் பள்ளத்தில் இறங்கினாள், சின்னத்தண்ணியும் இறங்கியது. இறங்கியதும் அகலமானது, ஒரு கட்டில் அகலம், கணுக்கால் ஆழம். தவளைகள் கல்லுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்தன, பத்தொன்பதும் சரியாக இருந்தது. மீன் முப்பத்திரண்டு கீழே வந்ததில் முப்பத்தொன்றுதான் திரும்பியது. ஒன்றைச் செல்வநாயகியின் பூனை பிடித்துவிட்டதை மருதியிடம் ஒளிக்காமல் சொன்னேன். "தின்னுட்டுப் போவட்டும், அதுக்கும் பசிக்காதா" என்றாள்.

கோகிலவாணி குழந்தையைத் தூக்கிப் பாறையின் மேல், வெயிலில், வெறும் கல்லில் இறக்கிவிட்டாள். பாதம் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னத்தண்ணி பின்னால் வரவில்லை. அது தன் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பூவிழி அதைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

கோகிலவாணி பாறையின் மறு கோடிக்குப் போய் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். "வா சாமி, அம்மாகிட்ட வா." வரவில்லை. லோகநாதன் பிஸ்கட்டைக் காட்டினான். செல்வநாயகி கைதட்டினாள். அந்தோணி ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டினான். செல்வநாயகியின் வீட்டுக்காரர்கூட விழித்துக்கொண்டார். குழந்தை யாரையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி எதையோ தேடியது.

"பெரியப்பா" என்றாள் கோகிலவாணி. "எண்ணுங்க."

நான் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். என் குரல் எனக்கே அதிகம் கேட்டதில்லை. அத்தனை வருஷமும் தலைகளை வாய்க்குள்தான் எண்ணினேன், வாய்விட்டு எண்ணியதில்லை.

"எண்ணுங்க பெரியப்பா. உங்க எண்ணிக்கையைத்தான் தேடுறா."

"ஒண்ணு" என்றேன். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மரத்தைவிட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணு!" என்றேன்.

பூவிழி என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் கல்லில் ஊன்றி, பின்பக்கத்தை முதலில் தூக்கி, எழுந்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். ரெண்டு என்றேன், வைத்தாள். மூணு. நாலு. ஐந்தில் ஆடினாள், லோகநாதன் ஓடப் பார்த்தான், மருதி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ஆறு. பத்துக்கு மேல் பதிக்காரர்களும் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள், பதினைந்துக்கு மேல் என் குரல் எது அவர்கள் குரல் எது என்று தெரியவில்லை, கீழே தண்ணீர் ஓடுகிற சத்தமும் அதோடு சேர்ந்தே கேட்டது. இருபத்து மூன்றாவது அடியில் அவள் விழுந்தாள். விழுந்த இடம் அம்மாவின் மடி.

திரும்பும்போது பாதி வழி நடந்தாள், பாதி வழி "தூக்கு" என்றாள். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தானாம், செல்வநாயகி சொன்னாள். அன்றைக்குச் சாவடிப் புத்தகத்தில் போனது ஏழு, வந்தது ஏழு.

இப்போது ஞாயிறுதோறும் நான் மேலே போகிறேன். பூவிழி முன்னால் ஓடுகிறாள், எறும்புக்கு நிற்கிறாள், நானும் நிற்கிறேன். மருதி எங்களுக்குச் சாமைச் சோறு வைத்திருப்பாள். கோகிலவாணிக்குத் தோள்வலி விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. எங்கள் வீதியிலிருந்து பதிக்கு வருஷத்துக்கு ஒரு நாள் ஐம்பத்து நான்கு குடம் தண்ணீர் போக வேண்டும் என்று வீதியில் முடிவாகியிருக்கிறது. அங்கே தண்ணீர் நிறைய ஓடுகிறது, ஆனாலும் போகும். நான் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு தடவை எண்ண ஆரம்பித்தேன். ஓடை, தவளை, நத்தை, பால்காரர் வரை வந்து, முடியாமல் விட்டுவிட்டேன். நான் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

அந்தப் பாறையில் அவள் வைத்த ஈரக்கால் தடங்கள் மட்டும் காயவில்லை. சித்திரை வெயிலிலும் காயவில்லை. பதிப் பெண்கள் குடத்தோடு வரும்போது மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறார்கள், மீன்கொத்தி சில சமயம் வந்து அதில் ஒரு வாய் குடிக்கிறது. பூவிழி தன் காலை அதில் வைத்துப் பார்த்து, இப்போது பொருந்தவில்லை என்று சிரிக்கிறாள். நேற்றும் போய் எண்ணினேன், சத்தமாகவே எண்ணினேன். இருபத்து மூன்று.